மாமி யாரிடமும் கேட்டதில்லை

மாமி யாரிடமும் எதையும் கேட்டதில்லை. இதை நான் கோர்ட்டில் சத்தியம் செய்துவிட்டே சொல்லியிருக்கிறேன். சர்க்கார் வக்கீல் நம்பவில்லை. நாலு வருஷம் அந்த ஆபீசில் வேலை பார்த்திருக்கிறாய், ஒருவரிடம்கூடவா மாமி டெபாசிட் போடச் சொல்லிக் கேட்கவில்லை என்று திருப்பித் திருப்பிக் கேட்டார். இல்லை என்றேன். அன்று அந்தக் கூண்டில் நின்று நான் சொன்னதில் முழு உண்மை அது ஒன்றுதான்.

மாமியின் ஆபீஸ் கிழக்கேகோட்டை பஸ் ஸ்டாண்டை ஒட்டி ஒரு பாத்திரக்கடைக்கு மேலே இருந்தது. பஸ் சத்தம் ஓயாத இடம். செங்குத்தான படி, இரண்டு சின்ன அறைகள், மர மேஜை, பெருமாள் படம், தேதி கிழிக்கும் காலண்டர். வட்டிக்கு டெபாசிட் வாங்குகிற கம்பெனி, அதற்கும் பெருமாள் பெயர்தான். மாமிக்கு அப்போது ஐம்பத்தைந்து வயது இருக்கும். மலிவான வாயில் துணிச் சேலைதான் கட்டுவாள், அதுவும் இஸ்திரி போடாதது. கழுத்தில் திருமாங்கல்யம் தவிர குந்துமணித் தங்கம் கிடையாது. வருகிறவர்கள் அதைப் பார்த்துவிட்டுத்தான் நாற்காலியில் உட்காருவார்கள். இவ்வளவு பணம் புழங்கியும் இந்த அம்மாள் எப்படி இருக்கிறாள் பார் என்று படி இறங்கும்போது பேசிக்கொள்வார்கள். எனக்குக் கேட்கும்.

எங்கள் தெருக்களில் ஒரு வழக்கம் உண்டு. யார் வீட்டுக்காவது போனால் காப்பி சாப்பிடுகிறாயா என்று கேட்பார்கள். உடனே சரி என்று சொல்லிவிடக் கூடாது. "வேண்டாம், இப்போதான் ஆச்சு" என்று சொல்ல வேண்டும். "அரை டம்ளர்" என்பார்கள். "ஐயோ, வேண்டவே வேண்டாம்" என்று எழுந்திருக்கிற மாதிரி பாவனை செய்ய வேண்டும். மூன்றாம் தடவை அவர்கள் கையைப் பிடித்து உட்கார்த்தி வைத்த பிறகுதான் டம்ளரைத் தொடலாம். முதல் தடவையே வாங்கிக் குடிக்கிறவனுக்கு அல்பம் என்று பெயர். மூன்றாம் தடவை கேட்காத வீட்டுக்கு அதைவிடக் கெட்ட பெயர். என் அம்மா தன் ஒன்றுவிட்ட அக்காவோடு ஏழு வருஷம் பேசாமல் இருந்ததற்குக் காரணம், ஒரு ஆவணி அவிட்டத்தன்று அவள் இரண்டு தடவையோடு நிறுத்திவிட்டாள் என்பதுதான்.

நாங்கள் எல்லோரும் இப்படி வளர்ந்தவர்கள். 'வேண்டாம்' என்று யாராவது சொன்னால் இன்னும் கொஞ்சம் வற்புறுத்த வேண்டும் என்றுதான் எங்கள் காதில் விழும். மாமி அதைத் தொழிலாக ஆக்கிக்கொண்டாள், அவ்வளவுதான்.

என்னை வேலைக்குச் சேர்த்துக்கொண்டதே அப்படித்தான். அப்பா என்னைக் கூட்டிக்கொண்டு போனார். அவர் சாலைக் கடைவீதியில் ஒரு மளிகை மொத்த வியாபாரியிடம் முப்பத்தாறு வருஷம் கணக்கெழுதியவர். யாரிடமும் தலை குனிந்து நின்றதில்லை. மாமி எங்களை உட்கார வைத்து, ஃபேனைக் கூட்டி வைத்து, மிகவும் வருத்தத்தோடு சொன்னாள்.

"இந்தச் சின்ன எடத்துல எதுக்கு மாமா கொழந்தையைப் போட்டு அடைக்கறேள்? பெரிய கம்பெனியா பாருங்கோ. படிச்ச கொழந்தைன்னா."

அப்பா மறுபடி கேட்டார். மாமி மறுபடி வேண்டாம் என்றாள். அப்பாவின் குரல் தழைந்துகொண்டே போனது. மூன்றாம் தடவை அவர் சொன்னது எனக்கு இன்னும் காதில் இருக்கிறது. "சம்பளம்கூட வேண்டாம். வேலை கத்துண்டா போறும்." மாமி பெருமூச்சு விட்டாள். "நீங்க இவ்வளவு தூரம் சொன்ன பின்னே நான் என்ன சொல்ல? செரி, வரட்டும்."

ஆறு மாதம் எனக்குச் சம்பளம் வரவில்லை. கேட்க முடியுமா? வேண்டாம் என்று சொன்னது நாங்கள்தானே. அதுமட்டுமில்லை, மகளுக்கு வேலை கொடுத்த நன்றிக்காக அப்பா தன் ஓய்வுப் பணம் நாலு லட்சத்தையும் கொண்டுபோய் மாமியிடம் போட்டார். அதையும் அவள் இரண்டு தடவை திருப்பி அனுப்பினாள்.

மாமி அதிகம் பேச மாட்டாள். ஒரே ஒரு நாள், வெற்றிலை மடித்துக்கொண்டே, தானாகச் சொன்னாள். "கேட்டா யோசிப்பா, கொழந்தே. வேண்டாம்னு சொல்லு, யோசிக்க மாட்டா." ஏதோ சமையல் குறிப்பு சொல்கிற மாதிரி சொல்லிவிட்டு வெற்றிலையை வாயில் போட்டுக்கொண்டாள்.

பரமு மாமா கதை எங்கள் தெருவில் எல்லோருக்கும் தெரியும். அச்சகத்தில் ப்ரூஃப் திருத்தி ரிட்டயரானவர். கல்யாணப் பத்திரிகை வந்தால்கூட சிவப்புப் பேனாவை எடுத்துக்கொண்டுதான் படிப்பார். நாதஸ்வரக்காரர் பெயரில் ஒரு புள்ளி விட்டுப்போனாலும் அவர் கண்ணுக்குத் தப்பாது. அவர் தன் பணத்தைக் கொண்டு வந்தபோது மாமி கைகூப்பினாள். "பேங்க்ல போடுங்கோ மாமா. அதான் பத்திரம். நான் ஒரு பொம்மனாட்டி, நாளைக்கு எனக்கே என்ன ஆகும்னு தெரியாது."

மூன்று தடவை திருப்பி அனுப்பினாள். நாலாம் தடவை பரமு மாமா மாமியாரைப் பார்க்கப் போகிறவர் மாதிரி பழம், பூவெல்லாம் வாங்கி, மனைவியையும் கூட்டிக்கொண்டு வந்தார். மாமி பணத்தைத் தாம்பாளத்தில் வாங்கினாள். பிறகு அவர்கள் எதிரிலேயே பாதியை எடுத்துத் திருப்பிக் கொடுத்தாள். "இவ்வளவு போறும். எல்லாத்தையும் ஒரே எடத்துல வெக்கப்படாது. உங்க நல்லதுக்குத்தான் சொல்றேன்."

பரமு மாமா அதை எப்படியெல்லாம் சொல்லித் திரிந்தார் தெரியுமா? காய்கறிக் கடையில், கோயில் பிரதட்சிணத்தில், முடிவெட்டுகிற இடத்தில். "பாதியைத் திருப்பிக் குடுத்துட்டா ஓய்! எந்தப் பேங்க்காரன் குடுப்பான்?" அந்த மாதம் எங்கள் படியில் செருப்பு வைக்க இடமில்லை. திருப்பிக் கொடுத்த பாதியும் அடுத்த மாதம் வந்தது. கூடவே அவர் மனைவியின் இரண்டு வளையல் விற்ற பணமும் வந்தது. கொடுத்த ரசீதை பரமு மாமா படித்துக்கூடப் பார்க்காமல் நாலாக மடித்துச் சட்டைப் பையில் வைத்தார். ஆயுள் முழுக்க அடுத்தவர் எழுதியதில் தப்புக் கண்டுபிடித்த மனுஷர். எனக்குச் சிரிப்பு வந்தது. அப்போது சிரித்தேன் என்பதையும் சொல்லிவிடுகிறேன்.

பணம் வாங்குவது இப்படி என்றால், பணத்தைத் திருப்பிக் கேட்கிறவர்களுக்குக் காலண்டர் இருந்தது. செவ்வாய், வெள்ளியில் எங்கள் வீடுகளில் காசு வெளியே போகாது. விளக்கு வைத்த பிறகு போகாது. அஷ்டமி, நவமி, கரிநாள் கூடாது. யாராவது முதிர்ந்த டெபாசிட்டைக் கேட்டு வந்தால் மாமி இல்லை என்று சொல்லவே மாட்டாள். பெட்டியைத் திறக்கப் போவாள். சாவியைப் போட்டுவிட்டு நின்று, காலண்டரைப் பார்த்து, நாக்கைக் கடித்துக்கொள்வாள்.

"வெள்ளிக்கெழமைன்னா! நான் இன்னிக்குக் குடுத்தா இந்தப் பெட்டியை விட்டு லக்ஷ்மி போவா. பெட்டில இருக்கறது யார் பணம்? உங்க பணம். அப்போ போறது யாராத்து லக்ஷ்மி? நீங்களே சொல்லுங்கோ. குடுக்கச் சொன்னா குடுத்துடறேன்."

அவர்களே பதறுவார்கள். "ஐயோ, இன்னிக்கு வேண்டாம் மாமி. திங்கக்கெழமை வரேன்." திங்கள்கிழமை நவமியாக இருக்கும்.

பரமு மாமாவின் மனைவியை ஆஸ்பத்திரியில் சேர்த்திருந்தார்கள். ஆபரேஷனுக்கு முன்னால் பணம் கட்ட வேண்டும். அவர் வந்தது ஒரு செவ்வாய்க்கிழமை, மத்தியானம். மாமி அவரைப் பார்த்ததும் கண்கலங்கிவிட்டாள், அதுவும் நடிப்பு என்று என்னால் சொல்ல முடியாது. பெட்டிக்குப் போனாள். சாவியைப் போட்டாள். நின்றாள். காலண்டரைக்கூடப் பார்க்கவில்லை, வெறுமனே அவரைப் பார்த்தாள்.

பரமு மாமாதான் சொன்னார். "செவ்வாயோ? நன்னாயிட்டில்லே, இன்னிக்கு வேண்டாம். ஆபரேஷன் பணம் வேற. புதன்கெழமை கார்த்தால வந்து வாங்கிக்கறேன்."

புதன்கிழமை காலை அவர் வரவில்லை. அவர் மனைவி செவ்வாய் சாயங்காலமே போய்விட்டாள். ஆபரேஷன் நடந்திருந்தால் பிழைத்திருப்பாளா என்று எனக்குத் தெரியாது, டாக்டருக்கும் தெரியாது என்றார்கள். பதிமூன்றாம் நாள் மாமி அங்கே போய் மூலையில் நின்றாள். சாப்பிட உட்காரச் சொன்னார்கள். வேண்டாம் என்றாள். பரமு மாமாவே வந்து கையெடுத்துக் கும்பிட்டு உட்கார வைத்தார். இரண்டாம் தடவை பாயசம் போட்டுக்கொண்டாள். கிளம்பும்போது அவர் சொன்னார், இனி தனக்கு எதற்குப் பணம், அது மாமியிடமே இருக்கட்டும் என்று. எனக்கு அன்றைக்கு மாமியின் கழுத்தை நெரிக்க வேண்டும் போல இருந்தது. மறுநாள் ஒன்பதரை மணிக்கு வழக்கம் போல ஆபீசைத் திறந்து, பெருமாள் படத்துக்குப் பூப்போட்டேன்.

இதற்குள் பெட்டியில் ஒன்றும் இல்லை என்பது எனக்குத் தெரிந்துவிட்டது. புதிதாக வருகிறவர் கொடுப்பதைத்தான் பழையவருக்கு வட்டி என்று கவரில் போட்டு, கவர் மூலையில் குங்குமம் வைத்துக் கொடுத்துக்கொண்டிருந்தோம். மிச்சம் எங்கே போகிறது என்று நான் கேட்கவில்லை. மாமியின் மகன் பெங்களூரில் மூன்றாவது ஃபிளாட் வாங்கிவிட்டான் என்று பிறகு போலீஸ்காரர்கள் சொல்லித்தான் தெரியும்.

அந்த நேரம் பார்த்து எங்கள் வீட்டு ஓனர் வந்து நின்றார். கரமனையில் நாங்கள் இருபத்திரண்டு வருஷமாகக் குடியிருந்த வாடகை வீடு. விற்கப் போகிறாராம். பழகின தோஷத்துக்கு முதலில் எங்களிடம் சொல்கிறாராம். நாலு லட்சம் முன்பணம் கொடுத்தால் மீதிக்கு பேங்க் லோன் ஆகும் வரை காத்திருப்பார். மாதக் கடைசி சனிக்கிழமைக்குள் கொடுக்காவிட்டால் வேறு பார்ட்டி தயார். அப்பாவுக்கு எழுபத்திரண்டு வயது. அம்மாவுக்கு முழங்கால் மடங்காது. ஊரில் எங்கே பார்த்தாலும் நாங்கள் கொடுக்கிற வாடகைக்கு ஒரு சமையலறைகூடக் கிடைக்காது.

அப்பா மூன்று வாரமாக மாமியிடம் தன் பணத்தைக் கேட்டுக்கொண்டிருந்தார். மூன்று வாரமும் காலண்டர்தான் பதில் சொன்னது. வீட்டில் அவர் பேசுவதை நிறுத்திவிட்டார். வாசல் கேட்டைப் பிடித்துக்கொண்டு நிற்பார். அதைப் பார்க்கச் சகிக்காமல் நான் பின்கட்டு வழியாகப் போவேன்.

வியாழக்கிழமை காலையில் செல்லக்கனி வந்தாள்.

பொன்முடி மலைப் பக்கத்துத் தேயிலை எஸ்டேட்டில் கூலி வேலை பார்த்தவள். அறுபது வயது சொல்லலாம், ஆனால் அந்தச் செங்குத்துப் படியை மூச்சு வாங்காமல் ஏறி வந்தாள். அவள் மகள்தான் பரமு மாமா வீட்டில் இப்போது சமைத்துப் போடுகிறாள். அவர்தான் அனுப்பியிருக்கிறார். வேறு யார் அனுப்புவார்கள்?

"வாங்கோ, உக்காருங்கோ" என்றாள் மாமி. செல்லக்கனி நாற்காலியைப் பார்த்தாள், என்னைப் பார்த்தாள். எந்த ஆபீசிலும் யாரும் அவளை உட்காரச் சொன்னதில்லை போலிருக்கிறது. விளிம்பில் உட்கார்ந்தாள். மடியில் ஒரு எவர்சில்வர் சோற்று டப்பா. அதைத் திறந்தாள். உள்ளே பணம்.

எஸ்டேட்டை மூடி எத்தனையோ வருஷம் ஆகிவிட்டதாம். தர வேண்டிய கிராஜுவிட்டியைக் கேஸ் போட்டுக் கேட்டு, இப்போதுதான் கைக்கு வந்திருக்கிறது. கூடக் கேஸ் போட்டவர்களில் பாதிப் பேர் செத்துப்போனார்கள். அவள் இருக்கிற லயத்து வீட்டுக்கு, எஸ்டேட் கூலிக்காரர்களின் வரிசை வீட்டுக்கு, கூரை ஒரு பக்கம் விழுந்துவிட்டது. போன மழைக்கு அடுப்படியில் படுத்துத்தான் சமாளித்தாளாம்.

"மலைக்குக் கீழ விதுர ஊர் பக்கத்துல மூணு சென்ட் நெலம் பேசி வச்சிருக்கேன்மா. அவுக பாகம் பிரிச்சுப் பத்திரம் பண்ண ஆறு மாசம் ஆவுமாம். அதுவரைக்கும் இது சும்மாதானே கெடக்கும்? ஒங்ககிட்ட போட்டா பத்திரச் செலவுக்காவது வட்டி வரும்னு அய்யரு சொன்னாவ. மூணே முக்கால் லட்சம் இருக்கு. எண்ணிப் பாருங்க."

மாமி டப்பாவைத் தொடவில்லை. அவள் முகத்தில் அந்தப் பழைய வருத்தம் வந்தது. "வேண்டாம்மா. பேங்க்லயே இருக்கட்டும். ஒழைச்ச பணம். அங்கேதான் பத்திரம்."

செல்லக்கனி தலையாட்டினாள். பிறகு டப்பாவை மூடி, கிளிப்பை மாட்டினாள்.

"செரிங்கம்மா. படிச்சவுக நீங்க சொன்னா செரியாத்தான் இருக்கும். வாரேன்."

எழுந்து போய்விட்டாள்.

நாலு வருஷத்தில் மாமியின் முகம் விழுந்து நான் பார்த்தது அன்று ஒரு நாள்தான். அவளுக்கு என்ன நடந்தது என்றே புரியவில்லை. வேண்டாம் என்று சொன்னால் ஒருத்தி வேண்டாம் என்றே எடுத்துக்கொண்டு போவாள் என்பது அவள் கணக்கிலேயே இல்லை. எஸ்டேட்டில் யார் யாரை மூன்று தடவை உபசாரம் செய்தார்கள்? அங்கே இல்லை என்றால் இல்லை, போ என்றால் போ. காலடிச் சத்தம் படியில் இறங்கிக்கொண்டே இருந்தது. எனக்கு உள்ளுக்குள் ஒரு சந்தோஷம் வந்தது, பொய் சொல்லவில்லை. ஒருத்தியாவது தப்பித்தாள் என்று நினைத்தேன். அது ஒரு நிமிஷம்கூட இல்லை.

மாமி ஜன்னலைப் பார்த்தபடி கேட்டாள். "உங்காத்து ஓனர் எப்போ வரான்? வீட்டுக்காரன்?"

"சனிக்கெழமை."

"இன்னிக்கு வியாழன்தானே. நல்ல நாள். நாளைக்கு வெள்ளி." ஒரு வெற்றிலையை எடுத்து நரம்பு கிள்ளினாள். "இப்போ மூணே முக்கால் கெடச்சா பாக்கி இருபத்தஞ்சாயிரத்தை நானே போட்டு உங்கப்பா பணத்தைக் குடுத்துடலாம். ஆனா நான் வேண்டாம்னு சொல்லியாச்சு. சொன்னதை மாத்தற பழக்கம் நேக்கு இல்லே. நீ என்ன பண்ணுவியோ, எனக்குத் தெரியாது."

என்னைத் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. "அவ போற நெடுமங்காட்டு பஸ் கால் மணிக்கு ஒருதரம், கேட்டியா" என்று மட்டும் சொன்னாள்.

நான் ஓடினேன். செருப்பைக்கூட மாட்டிக்கொள்ளவில்லை.

பஸ் கிளம்பத் தயாராக உறுமிக்கொண்டு நின்றது. ஜன்னலோரம் உட்கார்ந்திருந்தாள். மடியில் டப்பாவை இரண்டு கையாலும் பிடித்திருந்தாள். நான் கீழே நின்று ஜன்னல் கம்பியைப் பிடித்தேன்.

"அக்கா, எறங்குங்கோ. மாமி மொதல்ல அப்படித்தான் சொல்லுவா. எங்க வழக்கம் அது. நீங்க இன்னும் ரெண்டு தடவை கேக்கணும்."

"அப்ப வேண்டாம்னு சொன்னது?"

"சும்மா. மரியாதைக்கு."

செல்லக்கனி சிரித்தாள். "நல்லாருக்கு ஒங்க மரியாத!" பிறகு சிரிப்பு நின்றது. என் முகத்தை நன்றாகப் பார்த்தாள். "பாப்பா, நீ அங்கேயே வேல பாக்க. ஒனக்குத் தெரியும். ஒங்க அப்பா அம்மா பணம் போட்டிருக்காவளா?"

"அப்பா போட்டிருக்கார். எல்லாத்தையும்."

உண்மைதானே? ஒரு எழுத்துகூடப் பொய்யில்லை. அவள் உடனே எழுந்துவிட்டாள். கண்டக்டர் பெல் அடித்துவிட்டார். அவரிடம் நான்தான் கத்தினேன், "சேட்டா, ஆள் இறங்கணும்!" என்று. இறங்குகையில் படி உயரமாக இருந்ததால் என் தோளைப் பிடித்துக்கொண்டாள்.

மேலே போனதும் மாமி மறுபடி வேண்டாம் என்றாள். செல்லக்கனி கேட்டாள். மாமி வேண்டாம் என்றாள். செல்லக்கனி என்னைப் பார்த்தாள். நான் தலையாட்டினேன். மூன்றாம் தடவை கேட்டாள். மாமி தாம்பாளத்தில் வெற்றிலை வைத்து நீட்டினாள். பணத்தை வாங்கி, அதிலிருந்து ஒரு ஐநூறு ரூபாய் நோட்டை எடுத்து அவள் கையிலேயே வைத்தாள். "பஸ்ஸுக்கு வெச்சுக்கோங்கோ. தூரம் போகணும்." செல்லக்கனி அந்த நோட்டைக் கண்ணில் ஒற்றிக்கொண்டாள்.

மத்தியானம் மூன்று மணிக்கு மாமி என்னிடம் அப்பாவின் நாலு லட்சத்தைக் கொடுத்தாள். மாமி சேர்த்த இருபத்தைந்தாயிரம் போக மிச்சமெல்லாம் விதுர பேங்க்கின் காகிதப் பட்டை போட்ட கட்டுகளில் அப்படியே இருந்தது. அப்பாவின் டெபாசிட் ரசீதை நீட்டினேன். அவள் வாங்கவில்லை. "வேண்டாம். அது உங்ககிட்டயே இருக்கட்டும். பின்னாடி ஒதவும்." எதற்கு உதவும் என்று எனக்கு அப்போது விளங்கவில்லை.

வீட்டில் அப்பா கட்டைப் பிரிப்பதற்கு முன் பட்டையில் இருந்த ஊர்ப் பெயரைப் படித்தார். கணக்கெழுதிய மனுஷர், படிக்காமல் இருப்பாரா? என்னை நிமிர்ந்து பார்த்தார். பட்டைகளைக் கிழித்து அடுப்பில் போட்டார். சனிக்கிழமை முன்பணம் கொடுத்தோம்.

செல்லக்கனிக்கு ஒரே ஒரு மாதம் வட்டி போனது. இரண்டாம் மாதம் ஆபீஸ் பூட்டிக் கிடந்தது. மாமியை பெங்களூரில் மகன் வீட்டில் பிடித்தார்கள். ஸ்டேஷனில் நாற்பது ஐம்பது பேர் புகார் எழுதிக் கொடுத்தார்கள். அப்பாவும் கொடுத்தார். அவரிடம்தான் ரசீது இருந்ததே. கொடுக்காமல் இருந்தால் ஏன் கொடுக்கவில்லை என்று கேட்பார்களே. ரசீது எதற்கு உதவும் என்று அப்போது எனக்கு விளங்கியது.

ஜாமீனில் வந்தபின் மாமியைக் கோர்ட் வராந்தாவில் பார்த்தேன். அதே வாயில் சேலை. நல்ல கூட்டம். அத்தனை பேரும் அவளிடம் பணம் இழந்தவர்கள். பரமு மாமா எங்கிருந்தோ ஒரு பிளாஸ்டிக் நாற்காலியைத் தூக்கிக்கொண்டு வந்தார்.

"உக்காருங்கோ மாமி. எத்தனை நேரம் நிப்பேள்?"

"வேண்டாம் மாமா. நிக்கறேன். நான் பண்ணின பாவத்துக்கு நிக்கணும்."

"சாரமில்லே, அதெல்லாம் போறது, உக்காருங்கோ."

"வேண்டாம்."

அவர் அவள் கையைப் பிடித்து உட்கார வைத்தார். பக்கத்தில் நின்ற இரண்டு பேர் அவளுக்குக் காற்று வரட்டும் என்று தள்ளி நின்றார்கள். அந்த மனுஷனை அறைய வேண்டும் போல எனக்கு ஆத்திரமாக வந்தது. மாமி கூட்டத்துக்கு நடுவே என்னைக் கண்டுபிடித்து, தாழ்ந்த குரலில் கேட்டாள்.

"வீடு கிரயம் ஆயிடுத்தா?"

"ஆச்சு."

"நன்னா இரு."

மனதார வாழ்த்தினாள். அதில் எனக்குச் சந்தேகமே இல்லை. அவளுக்கு என் மேல் கோபம் கிடையாது, பரமு மாமா மேலும் கிடையாது, யார் மேலும் கிடையாது. யாரிடமும் எதுவும் கேட்காதவளுக்கு யார் மேல் என்ன கோபம் வரும்? கேட்டதெல்லாம் நாங்கள்தான். செல்லக்கனியைக் கேட்டது நான்.

செல்லக்கனி எங்கள் வீட்டைத் தேடிக்கொண்டு வந்தது அதற்கப்புறம். பணம் போனவர்களின் லிஸ்டை யாரோ அவளுக்குப் படித்துக் காட்டியிருக்கிறார்கள். அதில் அப்பா பெயர் இருந்திருக்கிறது. நான் கதவைத் திறந்ததும் அவள் சண்டைக்கு வந்திருக்கிறாள் என்றுதான் நினைத்தேன். என்ன திட்டினாலும் வாங்கிக்கொள்ளத் தயாராகத்தான் நின்றேன்.

அவள் என் இரண்டு கையையும் பிடித்துக்கொண்டாள். "ஒங்களுக்கும் போச்சா பாப்பா?"

உள்ளே அப்பா பேப்பர் மடிக்கிற சத்தம் கேட்டது. பிறகு அதுவும் நின்றது.

"போச்சு" என்றேன்.

"வயசான காலத்துல ஒங்க அப்பாவ நெனச்சாத்தான்..." என்று சொல்லித் தன் முந்தானையால் என் முகத்தைத் துடைத்துவிட்டாள். அந்த மூணு சென்ட்டை வேறு யாருக்கோ கொடுத்துவிட்டார்களாம். லயத்தில் மற்ற பக்கக் கூரையும் சரிந்துவிட்டது. தார்ப்பாய் கட்டியிருக்கிறாள். "எனக்குக் காடு பழக்கம். நீங்க டவுன்ல வாடகைக்கு இருக்கவுக. என்ன செய்வீக?" என்றாள். வாடகை வீடு என்று அவளாகவே நினைத்துக்கொண்டாள். நான் மறுக்கவில்லை.

இப்போதும் வருகிறாள். கேஸ் இருக்கிற நாளெல்லாம் மலையிலிருந்து மூன்று பஸ் மாறி கோர்ட்டுக்கு வருகிறாள். முடிந்ததும் கரமனைக்கு வந்து, நம்ம கேஸ் எந்த நிலையில் இருக்கிறது என்று எனக்குச் சொல்லிவிட்டுத்தான் போகிறாள். நம்ம கேஸ் என்றுதான் சொல்வாள். அப்பா அவள் குரல் கேட்டால் கொல்லைப்புறம் போய்விடுவார். அம்மா காப்பி கொடுப்பாள். முதல் தடவையே வாங்கிக் குடித்துவிடுவாள்.

போன மாதம் அவள் வந்த அன்று வெளிச்சுவருக்குப் பெயிண்ட் அடித்துக்கொண்டிருந்தார்கள். செல்லக்கனி ஏணிக்குக் கீழே நின்று, புதுச் சுவரை மேலும் கீழுமாகப் பார்த்தாள்.

"ஓனர் நல்லவரு போல பாப்பா. கேக்காமலே பெயிண்ட் அடிச்சுத் தாராரே."

"ஆமாம்க்கா, நல்லவர்தான்" என்றேன்.